வகுப்பறையில் தொழில்நுட்பம்: யோசிக்கும் வேலை யாருடையது?

ஒரு மின்கலத்தோடு இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் மாட்டிவிட்டு மாணவர்களிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "முதல் பல்பைத் தாண்டியதும் மின்னோட்டம் குறையுமா, அப்படியே இருக்குமா?" பலரும் தயங்காமல் "குறையும்" என்பார்கள். முதல் பல்பு தன் பங்கைத் தின்றுவிடும், மிச்சம்தான் இரண்டாவதற்குப் போகும் என்பது அவர்கள் மனத்தில் இருக்கும் சித்திரம். 'தொடரிணைப்பில் மின்னோட்டம் எல்லா இடத்திலும் சமம்' என்ற வரியை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். உள்ளே இருக்கும் சித்திரம் மட்டும் அப்படியே கிடக்கும்.

அறிவியல் ஆசிரியராக நான் பல வருடங்கள் இந்த இடத்தில் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள், மின்சுற்றைத் திரையிலேயே கட்டிப் பார்க்க உதவும் இலவச சிமுலேஷன் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோனேன். அதில் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் சின்னச் சின்ன உருண்டைகளாக நகர்வது தெரியும். பல்புக்கு முன்னும் பின்னும் ஒரே வேகம். ஒரு பல்பைக் கழற்றினால் சுற்று முழுக்க ஓட்டம் நின்றுபோகும். அதை இயக்குவதற்கு முன் ஒவ்வொருவரும் தங்கள் ஊகத்தை நோட்டில் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஊகம் பொய்த்ததும் வகுப்பில் ஒரே சலசலப்பு. "அப்படின்னா பல்பு எதைத்தான் சார் எடுத்துக்குது?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. மின்னோட்டத்துக்கும் ஆற்றலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

அதே சிமுலேஷனை இன்னொரு பிரிவிலும் காட்டினேன். நேரம் போதவில்லை என்று ஊகம் எழுதும் வேலையை விட்டுவிட்டேன். நானே இயக்கினேன், நானே விளக்கினேன். எல்லோரும் ரசித்துப் பார்த்தார்கள். இரண்டு வாரம் கழித்து அதே கேள்வியைக் கேட்டபோது, அந்த வகுப்பில் நிறையப் பேர் மறுபடியும் "குறையும்" என்றார்கள்.

கருவி ஒன்றுதான், பாடமும் ஒன்றுதான். முதல் வகுப்பில் யோசிக்கும் வேலை மாணவர்களிடம் இருந்தது. இரண்டாவதில் அதை நானும் திரையும் பிடுங்கிக்கொண்டோம். வகுப்பறைத் தொழில்நுட்பத்தைப் புதிதாக அறிய வருபவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்த வித்தியாசத்தைத்தான். அதன் பயன்களும் தடைகளும் பெரும்பாலும் இதைச் சுற்றியே வருகின்றன.

எதையெல்லாம் தொழில்நுட்பம் என்கிறோம்?

கரும்பலகையும் அச்சிட்ட பாடப்புத்தகமும்கூட ஒரு காலத்தில் புதிய தொழில்நுட்பங்களே. இன்று இந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருபவை ப்ரொஜெக்டர், ஸ்மார்ட் போர்டு, கணினி, டேப்லெட், கைபேசி, இணையம், பாடக் காணொளிகள், வினாடி வினா செயலிகள், அண்மைக்காலமாகச் செயற்கை நுண்ணறிவு. பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். தொடக்கத்தில் ஒரு பாகுபாடு மட்டும் தெரிந்தால் போதும். சில கருவிகள் காட்டும்: படம், காணொளி, ஸ்லைடு. சில கருவிகள் மாணவரைச் செய்யவைக்கும்: சிமுலேஷன், நிரலாக்கம், வடிவியல் வரையும் மென்பொருள். இன்னும் சில கேள்வி கேட்டு, பதிலை வாங்கி, சரியா தவறா என்று உடனே திருப்பிச் சொல்லும். ஒரே ஸ்மார்ட் போர்டு இந்த மூன்று விதமாகவும் பயன்படும். ஆனால் பல வகுப்புகளில் அது முதல் வேலையோடு நின்றுவிடுகிறது.

இந்த ஆசையும் ஏமாற்றமும் புதியவை அல்ல. 1913-இல் தாமஸ் எடிசன், பள்ளிகளில் புத்தகங்களுக்கு விரைவில் வேலை இருக்காது, திரைப்படமே எல்லாவற்றையும் கற்பித்துவிடும் என்று கூறினார். 1920-களில் சிட்னி பிரெஸ்ஸி என்ற அமெரிக்க உளவியலாளர், பலவுள் தெரிவு வினாக்களைக் கேட்டுத் திருத்தும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். 1950-களில் பி.எஃப். ஸ்கின்னர் தன் 'கற்பிக்கும் இயந்திர'த்தோடு வந்தார். 1960-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 'பிளேட்டோ' என்ற கணினிவழிக் கற்பித்தல் அமைப்பு பிறந்தது. 1964-இல் அமெரிக்க சமோவா தீவுகளில் தொலைக்காட்சி வழியே பள்ளிப்பாடம் நடத்தும் பெரும் திட்டம் தொடங்கியது. ஒவ்வொன்றும் வந்தபோது ஆசிரியரின் இடத்தை அது எடுத்துக்கொள்ளும் என்ற பேச்சு எழுந்தது. எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வரிசையில் சேராத ஒருவர், எம்.ஐ.டி. என்ற அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கணிதவியலாளர் சீமோர் பேப்பர்ட். கணினி குழந்தைக்குப் பாடம் எடுப்பதற்குப் பதிலாக, குழந்தை கணினிக்குக் கட்டளை கொடுத்தால் என்ன என்று அவர் கேட்டார். 1967-இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் சேர்ந்து 'லோகோ' என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். திரையில் இருக்கும் ஆமைக்கு 'முன்னே போ, வலப்பக்கம் திரும்பு' என்று கட்டளை கொடுத்தால் அது கோடு வரைந்துகொண்டே நகரும். சதுரம் வரைய எத்தனை முறை, எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்பதைக் குழந்தையே கண்டுபிடித்தாக வேண்டும். ஆமை தப்பாகப் போனால், தப்பு எங்கே என்று தேடுவதும் குழந்தையின் வேலை. 2007-இல் எம்.ஐ.டி. வெளியிட்ட 'ஸ்கிராட்ச்' அந்த மரபின் பிள்ளை. யோசிக்கும் வேலையைக் குழந்தையிடமே விட்டுவைத்த கருவி என்பதால் இதன்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

கண்ணுக்குத் தெரியாததைக் கையால் தொடுவது

பயன்களில் முதலாவதை மின்சுற்று உதாரணத்திலேயே பார்த்துவிட்டோம். எலக்ட்ரான், அணு, செல்லுக்குள் நடப்பது, கோள்களின் சுற்று, லட்சம் ஆண்டுகளில் நடக்கும் நில அசைவு ஆகியவற்றை எந்த ஆய்வுக்கூடத்திலும் நேராகக் காட்ட முடியாது. ஒன்று மிகச் சிறியது, இன்னொன்று மிகப் பெரியது, மற்றொன்று மிக மெதுவானது. சிமுலேஷன் இவற்றை மேசைமேல் கொண்டுவருகிறது, மாணவர் மாற்றிப் பார்க்கவும் விடுகிறது.

நான் பயன்படுத்தியது கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' தொகுப்பைச் சேர்ந்தது. இயற்பியலில் 2001-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது. இலவசம், பல மொழிகளில் கிடைக்கிறது, தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு சாராருக்கு உண்மையான பல்பும் கம்பியும், இன்னொரு சாராருக்கு இந்த மின்சுற்று சிமுலேஷனும் தரப்பட்டன. பிறகு கருத்துக் கேள்விகளில் சிமுலேஷன் குழு முந்தியது. அதோடு, உண்மையான சுற்றைக் கட்டச் சொன்னபோதும் அவர்களே நன்றாகச் செய்தார்கள். இதைப் படித்துவிட்டு ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட வேண்டாம். திரையில் கம்பி தளராது, மின்கலம் தானாகத் தீராது. தளர்ந்த கம்பியைத் தேடிப் பிடிக்கும் பொறுமையைக் கைதான் கற்க வேண்டும்.

கணக்கில் இதே வேலையைச் செய்வது 2001-இல் மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் உருவாக்கிய 'ஜியோஜீப்ரா'. ஒரு முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுங்கள். மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்கும், கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையிலிருந்து அசையாது. புத்தகத்தில் ஒரு முக்கோணத்துக்குச் சொன்னதை, தான் இழுத்த நூறு முக்கோணங்களில் பார்த்த மாணவருக்கு 'ஏன்?' என்ற கேள்வி தானாக வரும். அந்த 'ஏன்' வந்த பிறகு நிரூபணம் கற்பிப்பது எவ்வளவு எளிது என்பதைக் கணக்கு ஆசிரியர்கள் சொல்வார்கள்.

கை தூக்காத மாணவர்

ஒரு கேள்வி கேட்டால் எந்த வகுப்பிலும் நாலைந்து கைகள் உயரும். ஒருவர் சரியாகச் சொல்வார், நாம் அடுத்த பகுதிக்குப் போய்விடுவோம். மற்றவர்களுக்குப் புரிந்ததா என்பது தேர்வுத்தாள் திருத்தும் வரை தெரியாது. என் பார்வையில் தொழில்நுட்பத்தின் மிகப் பெரிய உதவி இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஸ்மார்ட் போர்டைவிடவும் காணொளியைவிடவும் இதையே நான் மேலாக மதிக்கிறேன்.

ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர், 1991 முதல் தன் வகுப்பில் ஒரு முறையைக் கையாண்டார். சிறு விளக்கத்துக்குப் பிறகு கருத்தைச் சோதிக்கும் ஒரு கேள்வி, நான்கைந்து விடைகள். ஒவ்வொரு மாணவரும் யாரோடும் பேசாமல் தன் விடையைத் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலோர் சரியாகச் சொன்னால் அடுத்ததற்குப் போகலாம். மிகச் சிலரே சரியென்றால் மறுபடி விளக்க வேண்டும். இடைப்பட்ட நிலை என்றால், வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு பேசி, தன் விடைக்குக் காரணம் காட்டி அவரைச் சம்மதிக்கவைக்க வேண்டும். பிறகு மறுபடி வாக்கெடுப்பு. ஆசிரியர் ஒரு வார்த்தையும் சொல்லாமலேயே இரண்டாம் முறை சரியான விடைகள் கூடும். தான் சற்றுமுன் எங்கே தடுமாறினோம் என்பது புதிதாகப் புரிந்துகொண்டவருக்கு இன்னும் நினைவிருக்கும், அதனால் அவர் விளக்கம் நண்பருக்கு எளிதில் எட்டுகிறது.

இதற்குக் கையடக்க வாக்குக் கருவிகள் உண்டு, கைபேசிச் செயலிகளும் உண்டு. மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லையென்றாலும் வழி இருக்கிறது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு குறியீடு அச்சிட்ட காகித அட்டை. எந்தப் பக்கம் மேலே வருமாறு பிடிக்கிறார்களோ அதுதான் விடை. ஆசிரியர் தன் கைபேசிக் கேமராவை வகுப்பின் மேல் ஒருமுறை ஓட்டினால், யார் என்ன சொன்னார் என்பது பதிவாகிவிடும். ஒரு கைபேசி, ஒரு கட்டு அட்டைகள். அவ்வளவே.

இப்படி அடிக்கடி கேட்பது மதிப்பிட மட்டும் அல்ல, நினைவில் நிற்கவும் உதவுகிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு குழு ஒரு பகுதியை நான்கு சுற்றுகள் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்து, மற்ற மூன்று சுற்றுகளில் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னணி. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது; நினைவுகூர்ந்து பழகியவர்களுக்கு 61 சதவீதம். படிப்பது சுகமாக இருந்தது, நினைவுகூர்வது கஷ்டமாக இருந்தது. அந்தக் கஷ்டம்தான் வேலை செய்தது.

ஒரே வகுப்பு, பல படிகள்

ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் ஒரே படியில் நிற்பதில்லை. ஒருவருக்குப் பின்னக் கணக்கு சரளம், இன்னொருவர் கழித்தலிலேயே திணறுவார். பாடம் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. தனியாக ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் நிலைமை மாறும் என்பதை 1984-இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் அழுத்தமாகச் சொன்னார். அவர் காட்டிய ஆய்வுகளில், தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரை விஞ்சினார். பலன் அவ்வளவு பெரிதல்ல என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் தனிக்கவனத்துக்குப் பலன் உண்டு என்பதில் சந்தேகம் இல்லை. எல்லாக் குழந்தைக்கும் தனி ஆசிரியர் வைப்பதுதான் நடக்காத காரியம்.

இந்த இடைவெளியில் கொஞ்சத்தையாவது மென்பொருள் நிரப்புமா என்பதற்கு டெல்லியில் நடந்த ஆய்வு நல்ல சான்று. 2019-இல் வெளியானது. மாணவர் நிற்கும் படியைக் கண்டறிந்து அங்கிருந்து கேள்விகளைத் தரும் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளைப் பள்ளி நேரத்துக்குப் பிறகு நடுநிலை வகுப்பு மாணவர்கள் பயன்படுத்தினார்கள். யாருக்கு இடம் என்பது குலுக்கலில் முடிவானது. நாலரை மாதத்தில், இடம் கிடைத்தவர்கள் கணிதத்திலும் இந்தியிலும் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். தொடக்கச் சோதனையிலேயே ஒரு செய்தி வெளிப்பட்டது: ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தார்கள். அவர்களுக்கு ஆறாம் வகுப்புப் பாடம் நடத்துவது, முதல் மூன்று படி உடைந்த ஏணியில் ஏறச் சொல்வதுதான். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த மையங்களில் பாதி நேரம் மென்பொருள், மீதி நேரம் சிறு குழுவாக ஒரு பயிற்றுநரோடு. வெற்றி இரண்டும் சேர்ந்து தந்தது.

இன்னொரு பயனைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம், அதனால் இங்கே அழுத்திச் சொல்கிறேன். பார்வையில்லாத மாணவருக்கு, திரையில் இருக்கும் எழுத்தை உரக்க வாசிக்கும் திரைவாசிப்பான் மென்பொருள், பாடத்தைத் தானே படிக்கும் சுதந்திரத்தைத் தருகிறது. 'என்.வி.டி.ஏ.' போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. செவித்திறன் குறைந்தவருக்குக் காணொளியின் கீழே ஓடும் எழுத்து, எழுத்துகளைக் கோத்துப் படிக்கச் சிரமப்படுபவருக்கு உரக்க வாசித்துக்காட்டும் வசதி, கை ஒத்துழைக்காதவருக்குப் பேச்சை எழுத்தாக்கும் வசதி. மற்ற மாணவர்களுக்குத் தொழில்நுட்பம் கூடுதல் வசதி. இவர்களுக்கு அதுவே வகுப்பறையின் கதவு. ஆசிரியர் கொடுக்கும் பாடக்குறிப்பைப் படமாக ஸ்கேன் செய்து அனுப்பினால் திரைவாசிப்பானால் அதைப் படிக்க முடியாமல் போகலாம். எழுத்தாகத் தட்டச்சு செய்து அனுப்பினால் படிக்கும். இவ்வளவு சின்ன மாற்றத்தில் ஒரு குழந்தை உள்ளே வருகிறது என்றால், அதைச் செய்யாமல் இருக்க நமக்கு ஒரு காரணமும் இல்லை.

பெட்டி வந்தது, பாடம் மாறவில்லை

தடைகளைப் பேசும்போது பெரு நாட்டின் கதையிலிருந்து தொடங்குவது நல்லது. 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' என்ற உலகளாவிய முயற்சி 2005-இல் அறிவிக்கப்பட்டது. அதில் மிகுந்த ஆர்வத்தோடு இறங்கிய நாடுகளில் ஒன்று பெரு. லட்சக்கணக்கான கணினிகளை வாங்கிக் கிராமப்புறப் பள்ளிகளுக்கும் கொடுத்தது. 319 பள்ளிகளில், 15 மாதத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று பார்த்த ஆய்வு 2012-இல் வெளியானது. குழந்தைகள் கணினியைப் பயன்படுத்தினார்கள், இயக்கவும் கற்றுக்கொண்டார்கள். கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. கணினியைப் பாடத்தோடு இணைத்து எப்படிக் கற்பிப்பது என்பதில் ஆசிரியர்களுக்குப் போதிய துணை இருக்கவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் இணையமும் இல்லை. இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பள்ளிகளின் ஆசிரியர்களைத்தான் நினைத்துக்கொள்வேன். பொறுப்பு அவர்கள் தலையில் விழுந்தது, உதவி வந்து சேரவில்லை.

அடிப்படை வசதி என்ற தடையை விளக்க அதிகம் எழுதத் தேவையில்லை. மின்சாரம், இணையம், கருவி, பழுது பார்க்க ஆள், இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை வீண். 2020-இல் யுனிசெஃபும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் 3 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணைய இணைப்பு இல்லை. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடப்பட்டபோது இதன் வலியை உலகமே பார்த்தது. வீட்டில் ஒரே கைபேசி, அதை எடுத்துக்கொண்டு அப்பா வேலைக்குப் போய்விடுவார், பிள்ளைக்குப் பாடம் இரவில்தான். 'இணையத்தில் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஓர் ஆசிரியர் சொல்லும்போது, வகுப்பில் சிலர் அங்கேயே வெளியே நிறுத்தப்படுகிறார்கள்.

நேரம் இன்னொரு தடை. ஒரு பாடவேளை முக்கால் மணி நேரம் என்றால், ப்ரொஜெக்டரை மாட்டி, கம்பியைச் செருகி, ஒலி வரவைத்து, திரைச்சீலை இழுத்து முடிப்பதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடும். அடுத்த முறை அந்த ஆசிரியர் ப்ரொஜெக்டரைத் தொட மாட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

பயிற்சி என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் ஒரு நாள் கூட்டம். எந்தப் பொத்தானை அழுத்தினால் எது வரும் என்று காட்டுவார்கள். தேவையான அறிவு அதைவிட ஆழமானது. புன்யா மிஸ்ரா, மேத்யூ கோலர் என்ற கல்வி ஆய்வாளர்கள் 2006-இல் இதற்கு ஒரு நல்ல சட்டகம் கொடுத்தார்கள். பாடத்தைப் பற்றிய அறிவு, கற்பிக்கும் முறையைப் பற்றிய அறிவு, கருவியைப் பற்றிய அறிவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் நல்ல கற்பித்தல் நடக்கிறது என்பது அதன் சாரம். எட்டில் ஒரு பங்கு நான்கில் ஒரு பங்கைவிடப் பெரியது, ஏனென்றால் எட்டு நான்கைவிடப் பெரியது என்று பிள்ளைகள் நினைப்பது வழக்கம். இந்தத் தவறு வரும் என்று தெரிந்த ஆசிரியர், திரையில் ஒரே கோட்டை நான்காகவும் எட்டாகவும் பிரித்துப் பார்க்கச் சொல்வார். அது தெரியாதவர் கையில் அதே மென்பொருள் வண்ணப்படம் காட்டும் பெட்டிதான். பொத்தான்களை ஒரு மணி நேரத்தில் கற்கலாம். பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்ற அறிவு வருடக்கணக்கில் வருவது, அதை ஆசிரியர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள நேரம் ஒதுக்குவதுதான் உண்மையான பயிற்சி.

கவனம், காகிதம், தயாராக வரும் விடை

திரை வகுப்புக்குள் வரும்போது பாடம் மட்டும் வருவதில்லை, உலகமே வருகிறது. 2013-இல் கனடாவில் நடந்த சோதனையில், விரிவுரை கேட்டுக்கொண்டே லேப்டாப்பில் வேறு வேலையும் பார்த்த மாணவர்கள் பிறகு நடந்த தேர்வில் 11 சதவீதம் குறைவாகப் பெற்றார்கள். அப்படி வேலை பார்ப்பவரின் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்தவர்கள் பெற்றது 17 சதவீதம் குறைவு. தான் எதுவும் செய்யாமல், பக்கத்துத் திரையாலேயே ஒருவர் பாடத்தை இழக்கிறார். மாணவர்களின் தனிப்பட்ட கருவிகளை வகுப்பில் அனுமதிப்பதைப் பற்றி யோசிக்கும் பள்ளி எதுவும் இதை மறக்கக் கூடாது.

படிப்பதற்கும் காகிதத்துக்குத் தனி இடம் உண்டு. ஏறத்தாழ 1,70,000 பேர் பங்கேற்ற 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு 2018-இல் வந்தது. தகவல் சார்ந்த பகுதிகளைப் படிக்கும்போதும், நேரம் குறித்துப் படிக்கும்போதும், காகிதத்தில் படித்தவர்கள் திரையில் படித்தவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கதை படிப்பதில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே நீண்ட பாடப்பகுதியை அச்சில் கொடுத்துவிட்டு, திரையைச் சோதனைக்கும் வாக்கெடுப்புக்கும் வைத்துக்கொள்வதே என் வழக்கம்.

இப்போது எல்லோரும் கேட்பது செயற்கை நுண்ணறிவைப் பற்றி. கேட்டதும் விடை எழுதித் தரும் உரையாடல் மென்பொருள்கள் 2022-இன் இறுதியிலிருந்து மாணவர்கள் கைக்கு வந்துவிட்டன. துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ 1,000 பேரை வைத்துக் கணிதத்தில் நடந்த சோதனை இங்கே மிகவும் உதவுகிறது. ஒரு குழுவுக்கு வழக்கமான உரையாடல் மென்பொருள். இரண்டாம் குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்களின் உதவியோடு அமைத்த மென்பொருள். மூன்றாம் குழுவுக்கு எதுவும் இல்லை. பயிற்சிக் கணக்குகளில் முதல் குழு 48 சதவீதம், இரண்டாம் குழு 127 சதவீதம் கூடுதலாகச் சரியாகச் செய்தது. பிறகு மென்பொருளை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். முதல் குழு, மென்பொருளையே பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கியது. குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு அந்த இழப்பு பெரும்பாலும் நேரவில்லை.

என் இரண்டு வகுப்புகளில் நடந்ததுதான் இங்கே எண்களாக நிற்கிறது. விடையைக் கொடுத்துவிட்டால் பயிற்சி நோட்டு அழகாக நிரம்பும், தலைக்குள் எதுவும் சேராது. மாணவர்களுக்கு நான் கொடுக்கும் விதி சிறியது: முதலில் உன் முயற்சியை எழுது, அது தப்பாக இருந்தாலும் சரி, பிறகு மென்பொருளிடம் 'என் வழியில் எந்தப் படி தவறு?' என்று மட்டும் கேள். அது சொல்வதும் தவறாக இருக்கலாம் என்பதால், சொன்னதைப் புத்தகத்தோடு சரிபார். இதற்குக் கூடுதல் நேரம் ஆகும், ஆகட்டும்.

பெற்றோர் கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. இலவசமாக வரும் செயலி குழந்தையைப் பற்றி என்னென்ன சேகரிக்கிறது? பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஆராய்ந்து 2022-இல் அறிக்கை வெளியிட்டது. பத்தில் ஏறக்குறைய ஒன்பது, குழந்தைகளைக் கண்காணித்தன அல்லது கண்காணிக்கக்கூடியவையாக இருந்தன. பாடத்துக்கான செயலி குழந்தையின் இருப்பிடத்தையோ தொடர்பு எண்களையோ கேட்டால் காரணம் கேளுங்கள். காரணம் சொல்ல முடியாத செயலியை விட்டுவிடுங்கள்.

நாளை தொடங்குவதென்றால்

முதலில் கருவியைத் தேட வேண்டாம். உங்கள் பாடத்தில் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் தடுக்கி விழும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நிலவின் பிறைகளாக இருக்கலாம். பூமியின் நிழல் விழுவதால்தான் பிறை தேய்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். குறை எண்களின் பெருக்கலாக இருக்கலாம். அந்த ஓர் இடத்துக்கு மட்டும் பொருத்தமான ஒரு கருவி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வீட்டில் நீங்களே ஒரு மணி நேரம் அதோடு விளையாடுங்கள், தவறான விடைகளையும் கொடுத்து என்ன ஆகிறது என்று பாருங்கள். இணையம் தேவைப்படுவதை முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்ளுங்கள். காணொளி என்றால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடவிட வேண்டாம். நடுவில் நிறுத்தி, 'அடுத்து என்ன நடக்கும்?' என்று எழுதச் சொல்லுங்கள். திரையில் எழுத்தைக் குறையுங்கள். ஸ்லைடில் இருக்கும் வரியையே நீங்களும் வாசித்தால் பிள்ளைகளால் இரண்டையும் சேர்த்துக் கவனிக்க முடியாது.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் முதலிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஊகம் எழுதுவதும், கை தூக்கி வாக்களிப்பதும், பக்கத்தில் இருப்பவரோடு வாதிடுவதும் இருட்டிலும் நடக்கும். பாடத்தின் உயிர் அந்தப் பகுதியில் இருக்கும்படி திட்டமிட்டிருந்தால், திரை அணைந்தாலும் வகுப்பு நிற்காது.

இரண்டு வாரம் போகட்டும். திரையைத் திறக்காமல் ஒரு மின்கலம், இரண்டு பல்பு, நாலு துண்டுக் கம்பியை மேசையில் வைத்துவிட்டு, அதே கேள்வியைக் கேளுங்கள். இந்த முறை காரணத்தையும் சேர்த்துக் கேளுங்கள். அந்தக் காரணத்தைக் கேட்ட பிறகு, அடுத்த வருடம் அந்தக் கருவியை வகுப்புக்கு எடுத்துப்போவதா வேண்டாமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.